மரவீட்டின் மேலே இதம், கீழே உறைபனி: எந்த வானிலைக் குறியை நம்பலாம்?

மார்கழி நெருங்கினால் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் மரவீடுகளுக்குக் கிராக்கி கூடிவிடுகிறது. இருபது, முப்பது அடி உயரத்தில் மரத்தின் மேல் ஓர் அறை, கண்ணாடிச் சன்னல், கம்பளி. விடிந்ததும் இறங்கிப்போய் ஊட்டி காந்தலிலோ தலைகுந்தாவிலோ புல்வெளி வெள்ளை பூத்திருப்பதைப் படம் எடுப்பதற்காகவே குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அதே காலையில், அதே சரிவில், உருளைக்கிழங்குச் செடியும் பீன்ஸும் தேயிலைக் கொழுந்தும் கருகி நிற்கின்றன. வந்தவருக்குக் காட்சி, பயிர் வைத்தவருக்கு நட்டம்.

இரவில் தீ மூட்டி உட்கார்ந்தால் பேச்சு வானிலை பக்கம் திரும்பும். நிலாவைச் சுற்றி வட்டம் கட்டினால் என்ன, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறினால் என்ன, மார்கழி மேகம் வடக்கே ஓடினால் வருகிற ஆண்டு மழை எப்படி என்று ஊர்ப் பெரியவர் சொல்ல, விருந்தினர் வியந்து கேட்பார்கள். சுற்றுலா வந்தவருக்கு எல்லாக் குறியும் ஒன்றுதான். கேட்டு ரசித்துவிட்டு ஊர் திரும்பலாம். விவசாயிக்கு அப்படி இல்லை. இவற்றில் எதை நம்பி இன்று மாலை நாற்றை மூடுவது, எதை நம்பி அடுத்த போகத்துக்கு விதை வாங்குவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். நாட்டறிவு முழுவதையும் தலையில் தூக்கி வைப்பதும் முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளுவதும் அவருக்கு உதவாது. பிரித்துப் பார்க்க வேண்டும்.

பரண்தான் முதல் மரவீடு

மரவீடு நமக்குப் புதியதன்று. தினைப்புனத்தில் கிளி விரட்டக் கட்டிய பரணுக்குச் சங்க இலக்கியத்தில் இதணம் என்று பெயர். இன்றும் காட்டோரத்தில் ராகியும் சாமையும் மக்காச்சோளமும் போட்டவர்கள் காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து பரணில் படுக்கிறார்கள். கதிர் முற்றும் காலம் முழுக்க, இரவு முழுக்க விழித்திருப்பவருக்கு வானத்தைப் பார்ப்பதைவிட வேறு வேலை இல்லை. காற்று எப்போது நின்றது, பனி எப்போது இறங்கியது, புகை மேலே போனதா பள்ளத்தில் படுத்ததா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். குளிர்காலக் குறிகளில் உருப்படியானவை இப்படித் தொடர்ந்து பார்த்த கண்களிலிருந்தே வந்திருக்க வேண்டும்.

மலைக்காய்கறி விவசாயிகள் உறைபனிக்குச் சொல்லும் குறிகளைக் கவனியுங்கள். பகலில் வெயில் சுள்ளென்று அடித்து, பொழுது சாய்ந்ததும் குளிர் சட்டென்று இறங்க வேண்டும். வானம் துடைத்துவிட்டது போல் இருக்க வேண்டும். காற்று அசையக் கூடாது. அடுப்புப் புகை மேலே ஏறாமல் தாழ்வாகப் படிய வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் "இன்று பனி விழும்" என்பார்கள். இந்த ஒவ்வொரு குறிக்கும் இயற்பியலில் காரணம் உண்டு.

பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வை போலச் சூட்டைத் திருப்பித் தரும். வானம் வெளுத்திருந்தால் சூடு தடையில்லாமல் போய்விடும். காற்றில் ஈரம் குறைந்திருந்தால் இன்னும் வேகமாகப் போகும். தரை குளிர, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிக் கீழேயே தங்கும். காற்று வீசினால் மேலும் கீழும் கலந்துவிடும். வீசாவிட்டால் குளிர் அடியிலும் இதம் மேலேயுமாக அடுக்கு பிரிந்துவிடும். புகை பள்ளத்தில் படுப்பதற்கு அந்த அடுக்குதான் காரணம்.

மேலே நாலு, கீழே பூச்சியம்

இங்கேதான் மரவீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. உறைபனி இரவில் இருபத்தைந்து அடி உயரத்தில் இருக்கும் காற்று, புல்லை ஒட்டிய காற்றைவிடச் சில டிகிரி சூடாக இருக்கும். மேலே வெப்பமானி 4 டிகிரி செல்சியஸ் காட்டுகிற நேரத்தில் கீழே திறந்த வெளியில் புல் நுனி உறைந்துகொண்டிருக்கலாம். வெளிநாட்டுப் பழத்தோட்டங்களில் உயரமான கம்பத்தில் பெரிய காற்றாடி பொருத்தி ஓட்டுவது, மேலே நிற்கும் அந்த இளஞ்சூட்டைக் கீழே இறக்கிவிடத்தான்.

வானிலை நிலையம் சொல்லும் வெப்பநிலையும் புல் மட்டத்தில் எடுத்ததன்று. தரையிலிருந்து சுமார் நாலு அடி உயரத்தில், மரக்கூண்டுக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது அது. "குறைந்தபட்சம் 3 டிகிரி" என்று செய்தியில் கேட்டு, பூச்சியத்துக்கு இறங்கவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கினால், காலையில் பீன்ஸ் கருகியிருக்கும்.

குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் தோட்டம் தப்ப, நூறடி தள்ளி ஓடையோரத் தோட்டம் மட்டும் கருகுகிறது. "அந்தப் பள்ளத்தில் பனி முதலில் விழும்" என்று ஊரில் யாராவது சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தச் செயற்கைக்கோளும் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை செவ்வாய், வெள்ளி தோறும் விவசாயிகளுக்குத் தரும் அறிக்கை அடுத்த ஐந்து நாளைப் பற்றிப் பயனுள்ள செய்தி தருகிறது. 'மேகதூத்' செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். ஆனால் அது மாவட்டத்துக்கோ வட்டாரத்துக்கோ பொதுவான கணிப்பு. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஊர்க்காரர்தான் வேண்டும். நாட்டறிவின் உண்மையான இடம் இதுதான்: அறிக்கை நிற்கும் இடத்திலிருந்து நம் வரப்பு வரை உள்ள தூரத்தை நிரப்புவது.

குறி நீள நீள நம்பிக்கை குறையும்

இப்போது இன்னொரு வகைக் குறிக்கு வருவோம். மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் ஏறக்குறைய 14 நாட்களைக் கர்ப்போட்டம் என்கிறோம். டிசம்பர் கடைசி வாரத்தில் தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரம் வரை வரும் அந்த நாட்களில் மேகம் கருக்கொள்கிறது, அதை வைத்து வருகிற ஆண்டின் மழையைச் சொல்லலாம் என்பது நம்பிக்கை. இதை நம்பி விதைப்பைத் திட்டமிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதன் மூலக் கருத்து பழையது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், மேகம் கருக்கொண்டு 195 நாள் கழித்து மழை பிறக்கும் என்ற கணக்கு இருக்கிறது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து 195 நாள் எண்ணினால் ஜூலை நடுப்பகுதி வரும். வராகமிகிரரின் உஜ்ஜயினியில் தென்மேற்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அந்த ஊருக்கு அந்தக் கணக்கு பொருந்துவது போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஜூலையில் அங்கே மழை பெய்யாமல் இருந்தால்தான் வியப்பு.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. நீலகிரிக்குள்ளேயே கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவம் கொட்டும். கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்குப் பருவம் முக்கியம். ஒரே மார்கழி மேகத்தைப் பார்த்து இரண்டு ஊருக்கும் ஒரே முடிவு சொல்ல முடியுமா? பருவமழையின் போக்கைப் பசிபிக் கடலின் வெப்பமும் இந்தியப் பெருங்கடலின் வெப்பமும் பெரிதும் பாதிக்கின்றன. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை சற்றுக் கூடுதலாகப் பெய்யும் போக்கு உண்டு என்றாலும், அதையே விதியாகக் கொள்ள முடியாது. இத்தனை கருவிகள் இருந்தும் பருவக் கணிப்பு பிசகுகிறது. பதினான்கு நாள் மேகத்தை மட்டும் நம்பி நகையை அடகு வைத்து விதை வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் இலையுதிர்காலத்தில் தென்படும் ஒரு கம்பளிப்பூச்சியின் உடலில் பழுப்புப் பட்டை அகலமாக இருந்தால் குளிர்காலம் மிதமாக இருக்கும், குறுகியிருந்தால் கடுமையாக இருக்கும் என்பார்கள். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சியியலாளர் கரன் 1948இல் இதைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினார். நாளிதழ்களில் செய்தி வந்து நம்பிக்கை இன்னும் பரவியது. ஆனால் அவர் எண்ணிய பூச்சிகள் மிகச் சில. அந்தப் பட்டை பூச்சியின் வயதையும் வளர்ச்சியையும் பொறுத்து மாறுவது. கடந்துபோன நாட்களைப் பற்றி அது ஏதாவது சொல்லலாம்; வரப்போகும் குளிரைப் பற்றிச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை.

ஒரு குறியைக் கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை நாளுக்கு முன்னால் சொல்கிறது? இன்றிரவு, நாளை என்றால் காது கொடுக்கலாம். ஆறு மாதம் என்றால் எச்சரிக்கை வேண்டும். குறிக்கும் விளைவுக்கும் நடுவே காரணம் ஏதும் தெரிகிறதா? தவறிய தடவைகளை யாராவது எண்ணினார்களா? பலித்ததை ஊரே பேசும், பொய்த்ததை யாரும் நினைவில் வைப்பதில்லை. நிலா வட்டம் முதல் இரண்டு கேள்விகளையும் தாண்டும். உயரத்தில் பரவும் மெல்லிய பனித்துகள் மேகம்தான் அந்த வட்டத்தை உண்டாக்குகிறது. அதன் பின்னால் மேகமூட்டம் வரலாம், மழையும் வரலாம். மழை வராவிட்டாலும், மேகம் கட்டிய இரவில் உறைபனிப் பயம் குறைவு.

குறி தெரிந்தால் என்ன செய்வது?

மாலையில் உறைபனிக் குறிகள் கூடினால், சூரியன் மறையும் முன்பே நாற்றங்காலையும் இளந்தேயிலையையும் நிழல்வலையாலோ பெரணித் தழையாலோ மூடுங்கள். இருட்டிய பிறகு மூடினால் பாதிச் சூடு போயிருக்கும். காய்ந்த மண்ணைவிட ஈர மண் பகல் சூட்டை அதிகம் வாங்கி வைக்கும். ஆகவே முதல் நாள் பகலிலேயே பாசனம் கொடுங்கள். வைக்கோல் மூடாக்கு மண்ணின் சூட்டை மேலே விடாது. உறைபனிக் காலத்தில் வரிசைகளுக்கு நடுவே அதை ஒதுக்கி வையுங்கள்.

தெளிப்பு நீர் இருந்தால் வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் முன் திறந்து, வெயில் ஏறிப் பனி உருகும் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது, செடியைக் காப்பது அதுதான். நடுவில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகிச் செடி இன்னும் குளிர்ந்துவிடும். குப்பையை எரித்துப் புகை போடுவதால் பெரிய பயன் இல்லை. நிலம் விடும் சூட்டைப் புகை தடுக்காது. தோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் வேலி அடர்ந்திருந்தால் இடைவெளி விடுங்கள். குளிர்காற்று வழிந்து போகட்டும்.

மரவீடு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் விவசாயக் குடும்பம்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்குங்கள். ஒன்றை மரவீட்டின் வெளிப்புறத்தில் தொங்கவிடுங்கள். இன்னொன்றை மரநிழல் படாத திறந்தவெளியில், புல் மட்டத்தில் வையுங்கள். மரத்தடியில் வைத்தால் கிளைகளே போர்வையாகிக் கணக்கு தவறிவிடும். இரவு 8 மணிக்கும் விடியலிலும் இரண்டையும் குறியுங்கள். பக்கத்திலேயே வானம், காற்று, புகை, நீர்ப்பனி எப்படி என்றும், பெரியவர் என்ன சொன்னார் என்றும், காலையில் உறைபனி விழுந்ததா இல்லையா என்றும் எழுதுங்கள். இரவு 8 மணிக்கே மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் விரிந்துகொண்டிருந்தால், பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவருக்கு உடனே ஒரு போன் போடுங்கள். விருந்தினர் கையில் நோட்டைக் கொடுத்தால் அவர்களே ஆசையாக எழுதுவார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இப்படி மூன்று, நாலு ஆண்டு எழுதினால் எந்தக் குறி எத்தனை தடவை பலித்தது, எத்தனை தடவை பொய்த்தது என்ற கணக்கு கையில் இருக்கும். கர்ப்போட்டத்தையும் அதே நோட்டில் எழுதி, ஒரு மழைமானி வைத்து ஆண்டு முழுக்க ஒத்துப் பாருங்கள். பலித்தால் ஆராய்ச்சியாளர்களான நாங்கள் அதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். வேளாண் அறிவியல் நிலையங்களும் இந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கி, ஊர்வாரியாகப் பனி விழும் பள்ளங்களைக் குறித்து வரைபடம் தயாரிக்க வேண்டும். பரணில் படுத்துப் படித்த பாடத்தைச் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும். இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்கலாம். இரண்டு வெப்பமானியும் ஒரு நோட்டும் போதும்.