காதுக்கும் ஒரு வகுப்பறை

வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். நாமோ பள்ளிக்கூடம் கட்டும்போது காதை மறந்துவிடுகிறோம். சுவர் எழுப்புகிறோம், வெள்ளையடிக்கிறோம், கரும்பலகை மாட்டுகிறோம். கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஆசிரியரின் சொல் போய்ச் சேருமா என்று மட்டும் பார்ப்பதில்லை.

நான் ஜவ்வாது மலையில் தகரக் கூரையின் கீழ்ப் படித்தவன். மழை பிடித்துக்கொண்டால் ஆசிரியரின் உதடு அசைவது தெரியும், சொல் கேட்காது. சற்று நேரம் உரக்கக் கத்திப் பார்ப்பார். பிறகு சாக்பீஸை எடுத்து எழுதத் தொடங்கிவிடுவார். ஓலைக் கூரையில் இத்தொல்லை இல்லை. ஆனால், 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ விழுங்கிய பின் பள்ளிகளில் ஓலை வேண்டாம் என்றானது. அது நியாயமே. அதனிடத்தில் தகரத்தைப் போட்டதோடு நம் கடமை முடிந்ததா?

காரைச் சுவர் எழுப்பிய கட்டடத்திலும் குறை உண்டு. வெறுஞ்சுவர் ஒலியை விழுங்காது, திருப்பி அனுப்பும். ஒரு சொல்லின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் வந்து விழும். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே தொல்லைதான். புதிய விரிவுரைக் கூடத்தில் பேச்சே விளங்கவில்லை. வாலஸ் சாபின் என்ற இளம் ஆசிரியர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கன அளவு கூடினால் அந்நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அது குறையும் என்று கண்டார்.

அவர் விதியைக் கொண்டு நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 40 மாணவர் இருந்தால் ஒலி அடங்க ஏறத்தாழ 1 விநாடி ஆகும். இத்தகைய அறைக்கு 2002இல் அமெரிக்கத் தரவிதி வகுத்த எல்லை 0.6 விநாடி. எளிதில் தீப்பற்றாத, ஒலியை நன்கு உறிஞ்சும் பலகையைக் கூரையின் அடிப்புறத்தில் பாதிக்குச் சற்று மேல் பதித்தால் போதும். அந்த எல்லைக்கு வந்துவிடலாம். தகரக் கூரையாயின் அடியில் இடைவெளி விட்டு உட்கூரை அமைத்தால் மழையின் ஓசையும் தணியும்.

“கணீரென்று பேசத் தெரியாதவர் ஆசிரியரா?” என்று கேட்பார் உண்டு. குரலை உயர்த்தினால் எதிரொலியும் உடன் உயரும். மிஞ்சுவது தொண்டைப் புண்தான். பெரியவர்களாகிய நாம் பாதிச் சொல் கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வோம். அந்தச் சொல் முன்பே நமக்குத் தெரியும். ‘ஒளிச்சேர்க்கை’ என்பதை வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்கும் குழந்தை எதைக்கொண்டு ஊகிக்கும்? வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத, முதல் தலைமுறையாகப் படிக்க வரும் மலைப்பிள்ளைக்கு வகுப்பில் தவறிய சொல் தவறியதுதான். பின்னர் அப்பிள்ளையை ‘மந்தம்’ என்கிறோம். மந்தம் பிள்ளையா, அறையா?

இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. மங்கலான விண்மீனைக் காண இருண்ட வானம் வேண்டுமென்று தேடி வந்து அமைத்த வானாய்வகம் அது. விண்மீனுக்காக இருளைத் தேடிய நாம், ஒரு பிள்ளையின் செவிக்காக அமைதியைத் தேடக்கூடாதா? இனி எழும் ஒவ்வொரு பள்ளிக் கட்டடத்தின் வரைபடத்திலும் காதுக்கென்று ஒரு வரி இருக்கட்டும்!