கூண்டில் நிற்பது பிள்ளை மட்டுமா?

வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் வீடியோ விளையாட்டுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்னும் புலம்பல் கேட்காத வீடு இன்று இல்லை. திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும், ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும் இதே பேச்சு. பையன் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டுக் கைபேசியை எடுக்கிறான், அழைத்தால் திரும்புவதில்லை, பறித்தால் கத்துகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். புலம்பல் பொய் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இவ்வழக்கில் வாதியாகவும் சாட்சியாகவும் நீதிபதியாகவும் பெற்றோரே அமர்ந்துகொண்டு, 14 வயதுப் பிள்ளையை மட்டும் கூண்டில் ஏற்றுவதை நம்மால் ஏற்க இயலவில்லை.

முதலில் ‘அடிமை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. அதற்கு அந்நிறுவனம் வகுத்துள்ள இலக்கணம் கண்டிப்பானது. விளையாடுவதைத் தொடங்குவதும் நிறுத்துவதும் தன் வசத்தில் இல்லாமற்போக வேண்டும். மற்ற ஆர்வங்களையும் அன்றாடக் கடமைகளையும் விளையாட்டு பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். கேடு விளைவது கண்கூடான பின்னும் அது தொடர வேண்டும். படிப்பும் உறவுகளும் பெரிதும் சிதைந்து, இந்நிலை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். கோடை விடுமுறை முழுதும் விளையாடிவிட்டு, பள்ளி திறந்ததும் முணுமுணுத்துக்கொண்டே புத்தகப் பையைத் தூக்கும் பிள்ளை நோயாளி அல்லன். அவனை நாள்தோறும் ‘அடிமை’ என்று அழைக்கும் வீடு, உண்மையான நோய் வந்து நிற்கும் நாளில் அதை அடையாளம் காணாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பட்டம் சூட்டிவிட்டால், மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய பிள்ளை எவன் என்பது எவ்வாறு தெரியும்?

இந்தக் கருவி பிள்ளையின் கைக்கு வந்தது எப்படி? 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பே கைபேசிக்குள் வந்தது. கடன் வாங்கியேனும் ஒன்றை வாங்கிக் கொடுத்த பெற்றோரைக் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் பள்ளிகள் திறந்த பின்னும் கருவி பிள்ளையிடமே தங்கிவிட்டது. அதற்கும் வெகு முன்பே, அழும் குழந்தைக்குச் சோறூட்டவும், விருந்தினர் வந்திருக்கையில் வாயடைக்கவும் அதே கருவியை நீட்டிப் பழக்கிய கைகள் எவருடையவை?

பிள்ளைக்கு எதிரே நிற்பவர் யார் என்பதையும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும். ‘பப்ஜி’யில் 100 பேர் ஒரு தீவில் இறக்கப்படுகின்றனர், ‘ஃப்ரீ ஃபயரில்’ 50 பேர். கடைசிவரை எஞ்சுபவரே வென்றவர். விளையாடக் கட்டணம் இல்லை. துப்பாக்கிக்கு ஒரு வண்ணம், வீரனுக்கு ஒரு சட்டை, சுழலும் சக்கரத்தில் ஓர் அதிர்ஷ்டம் என்றுதான் பணம் கேட்கப்படுகிறது. ரூபாயை ரூபாய் என்று சொல்லாமல் ‘டைமண்ட்’ என்று மாற்றி வைத்திருப்பதால், எவ்வளவு போயிற்று என்பது பிள்ளைக்கு உறைப்பதில்லை. எந்த முறை பரிசு கிடைக்கும் என்று தெரியாதபோதுதான் உயிரினம் சலியாமல் முயன்றுகொண்டே இருக்கும் என்பதை, அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே கூண்டுப் புறாக்களைக் கொண்டு காட்டினார். சக்கரம் சுழற்றும் பிள்ளையிடம் வேலை செய்வதும் அதே விதிதான். 2022 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ் நிறுவனம், அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்குகளில் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. பெற்றோர் இசைவின்றிச் சிறுவர்களின் விவரங்களைத் திரட்டியது, குழப்பும் பொத்தான்களால் விரும்பாத பொருள்களை வாங்கச் செய்தது என்பவை குற்றச்சாட்டுகள். தேர்ந்த வல்லுநர்கள் கூடி அமைத்த பொறியை ஒன்பதாம் வகுப்பு மாணவன் தன் மன உறுதியால் மட்டும் வெல்ல வேண்டுமாம்! நல்ல எதிர்பார்ப்பு.

பொறி வலியது என்பதோடு விவாதத்தை முடித்துக்கொள்ளப் பலரும் விரும்புவர். பழி நிறுவனத்தின் மீது போய்விடுமல்லவா? ஆனால் ஒரே பொறியில் ஒரு பிள்ளை மாலை முழுதும் கிடக்கிறான். மற்றொருவன் அரைமணி நேரத்தில் எழுந்து போகிறான். எழுந்து போகிறவனுக்குப் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது. மற்றவனின் நாளைச் சற்றுக் கணக்கெடுத்துப் பாருங்கள். விடியுமுன் தனிப்பயிற்சி; பின் பள்ளி; மாலையில் மீண்டும் பயிற்சி; இரவு வீட்டுப்பாடம். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். அது திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. தெருவில் மட்டையை எடுத்தால் கார் கண்ணாடி உடையும் என்று விரட்டுகிறார்கள். வீட்டில் அவனோடு பேசப்படும் பேச்சு மதிப்பெண்ணைப் பற்றியது. உறவினர் வந்தால் அத்தை மகனின் மதிப்பெண்ணைப் பற்றியது. கைபேசியிலோ, தோற்றால் அடுத்த நிமிடமே மீண்டும் தொடங்கலாம்; தோற்றவனை ஊர் கூட்டி எவரும் ஒப்பிடுவதில்லை. “நீ வந்தால்தான்டா நம்ம அணி ஜெயிக்கும்” என்று அங்கே மூன்று நண்பர்கள் காத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லை அவன் வீட்டில் என்றைக்குக் கேட்டான்?

தடைச் சட்டம் வந்தால் போதும் என்போரும் உளர். 2020 செப்டம்பரில் ‘பப்ஜி’ இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021இல் வேறு பெயரில் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ‘ஃப்ரீ ஃபயர்’ தடைபட்டது; அதன் இரட்டைப் பிறவியான ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ தங்கிவிட்டது. நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை சிறுவர் விளையாடக் கூடாதென 2011இல் சட்டம் செய்த தென்கொரியா, பத்தாண்டுகளுக்குப் பின் அதைக் கைவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் பந்தயம் இல்லாத விளையாட்டுகள் அதன் வலைக்கு வெளியே நிற்கின்றன. நடுக்கூடத்துக் காரியத்தைத் தில்லி வந்து பார்க்காது.

எனவே பெற்றோர் என்ன செய்யலாம்? கைபேசியைச் சுவரில் அடித்து உடைக்கும் வீரத்தை முதலில் விட்டுவிடலாம். அது ஒரு நாள் கோபத்தைத் தணிக்கும். மறுநாள் பிள்ளை நண்பனின் கைபேசியில், நண்பனின் வீட்டில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விளையாடுவான். அதைவிட, ஒரு மாலை அவன் அருகே அமர்ந்து, என்ன விளையாடுகிறான் என்று கேட்டுப் பார்க்கலாம். அப்போதுதான் “ஒரு நிமிஷம்மா” என்பது பல வேளைகளில் பொய்யல்ல என்பது விளங்கும். குழு ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. விலகினால் நண்பர்களைக் கைவிட்டதாகும். “உடனே வை” என்பதற்குப் பதிலாக “இன்று இரண்டு ஆட்டம்” என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வது அவனுக்குப் புரியும் மொழி. வங்கிக் கணக்கோடு இணைந்த கைபேசியையும் அதன் ரகசிய எண்ணையும் அவனிடம் விடாதிருங்கள். இரவில் கருவி படுக்கையறைக்கு வெளியே உறங்கட்டும், வீட்டார் அனைவரின் கருவிகளும்! உணவு மேசையில் வாட்ஸ்அப் பார்த்துச் சிரிக்கும் தந்தை, மகனின் கைபேசியைப் பற்றிப் பேசும் தகுதியை அங்கேயே இழக்கிறார்.

இவ்வளவு செய்தும் பிள்ளை பள்ளியையும் உணவையும் உறக்கத்தையும் துறந்து, பேச்சற்று ஒடுங்கிப்போனால் அது ஒழுக்கக் குறைவன்று. மனச்சோர்வோ, பள்ளியில் எவரோ இழைக்கும் கொடுமையோ, எழுத்துக் கூட்டிப் படிப்பதில் உள்ள இடர்ப்பாடோ அதன் அடியில் இருக்கக்கூடும். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனை இதற்கென்றே 2014 முதல் தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்துகிறது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஊரார் என்ன நினைப்பார்களோ என்று இந்த அழைப்பைத் தள்ளிப்போடும் பெற்றோரிடம் நமக்குச் சொல்ல ஒன்றே உண்டு: ஊரார் வந்து பிள்ளையைத் தேற்றப் போவதில்லை.

இன்னும் ஒன்று. நம் மறைமாவட்டங்களில் கோவிலை ஒட்டியும் பள்ளியை ஒட்டியும் பரந்த மைதானங்கள் பல உண்டு. பள்ளி மணி அடித்ததும் அவற்றின் இரும்புக் கதவு பூட்டப்படுகிறது. ஞாயிறு பிற்பகலில் ஆடுகள் மட்டும் சுவரேறிக் குதித்து உள்ளே மேய்கின்றன. பொறுப்பெடுக்க ஆளில்லை, அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று காரணம் கூறப்படுகிறது. முறை வைத்துக்கொண்டு வாரம் இரண்டு தந்தையர் மாலையில் அங்கே நின்றால் போதாதா? அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில், கைபேசியின் தீமை குறித்த கருத்தரங்குக்கு நாள் குறிக்குமுன், அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எவரேனும் எழுந்து கேட்கட்டும்.