செல்லாத பதினோரு சீட்டுகள்

பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டியலைப் பற்றி நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஸர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்ட பையனின் பெயர் அதில் அடிபடாமல் இருந்துவிட்டால், இன்ஸ்பெக்டர் உபாத்தியாயரைக் கண்டிப்பார், கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்காக, எதிரே உட்கார்ந்திருக்கும் நாற்பது பையன்களும் வரவில்லையென்று எழுதிவிட்டு அவர் எழுந்து போவதில்லை. 2009ஆம் வருஷத்து டிசம்பரில் லண்டன் ஹைக்கோர்ட்டார் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார்கள்.

விவகாரம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கம்பெனிக்கும் அதன் விமானச் சிப்பந்திகளுக்கும் நடந்தது. அதற்கு முந்திய கணக்கு வருஷத்தில் கம்பெனிக்கு 40 கோடி பவுனுக்கு மேல் நஷ்டம். செலவைக் குறைப்பதற்காக, ஹீத்ரோவிலிருந்து நெடுந்தூரம் செல்லும் விமானங்களில் பதினைந்து சிப்பந்திகள் பார்த்த வேலையைப் பதினான்கு பேர் பார்க்க வேண்டுமென்று 2009 நவம்பரில் நிர்வாகம் ஏற்பாடு செய்தது. நஷ்டம் பொய்யல்ல. ஆனால் எங்கள் சம்மதமில்லாமல் இதை எப்படிச் செய்யலாம் என்று சிப்பந்திகள் கேட்டதும் அநியாயமல்ல. அவர்களுடைய 'யுனைட்' சங்கம் தபால் மூலம் ரகசிய வாக்கெடுப்பு நடத்திற்று. வேலை நிறுத்தம் வேண்டுமென்றவர்கள் 9,514 பேர். வேண்டாமென்றவர்கள் 772 பேர்.

சங்கம் குறித்த நாட்கள் டிசம்பர் 22 முதல் பன்னிரண்டு. கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பக் காத்திருந்த பிரயாணிகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள இதைவிடச் சிறந்த நாள் கிடைக்காது. அந்தத் தேதிகளை நாம் மெச்சவில்லை.

கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. வேலை நிறுத்தம் துவங்கு முன்பே தாமாக விலகிச் செல்ல ஒப்புக்கொண்டிருந்த எண்ணூறு பேருக்கு மேல் சங்கத்தின் வாக்காளர் பட்டியலில் இருந்தார்கள். சட்டப்படி அவர்களுக்குச் சீட்டு அனுப்பியிருக்கக் கூடாது. டிசம்பர் 17ஆந் தேதி தடையுத்தரவு பிறந்தது. பட்டியலைச் சரியாக வைத்துக்கொள்ளாதது சங்கத்தின் குற்றமே. அதை நாம் மழுப்பப் போவதில்லை. ஆனாலும் நான்காம் வகுப்புப் பையன் போடக்கூடிய ஒரு கழித்தல் கணக்கு இங்கே இருக்கிறது. அந்த எண்ணூற்றுச் சொச்சம் பேரும் ஒருவர் விடாமல் "வேண்டும்" என்றே போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொண்டு கழித்தாலும், எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரு பக்கம், 772 பேர் மறு பக்கம். சட்டம் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

சங்கம் மறுபடி வாக்கெடுத்தது. 2010 பிப்ரவரியில் முடிவு வந்தது: வேண்டுமென்றவர் 7,482, வேண்டாமென்றவர் 1,789, செல்லாத சீட்டுகள் 11. மார்ச்சில் ஏழு நாள் வேலை நிறுத்தம் நடந்தது. மே மாதத்தில் மீண்டும் நிறுத்தப் போகும் சமயத்தில் கம்பெனி இரண்டாம் முறையாகக் கோர்ட் படி ஏறிற்று. இந்தத் தடவை குற்றம் என்ன தெரியுமோ? வாக்கெடுப்பு முடிந்ததும் செல்லாத சீட்டுகளின் எண்ணிக்கை உள்பட முழு முடிவையும் வாக்களிக்க உரிமையுள்ள ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டுமென்று 1992ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. அந்தப் பதினொன்றை முறைப்படி ஒவ்வொருவருக்கும் தெரிவிக்கவில்லையாம்! இணையதளத்தில் போட்டது போதாதாம். மே 17ஆந் தேதி ஹைக்கோர்ட் நீதிபதி அதையும் ஏற்றுத் தடை விதித்தார்.

முதல் தீர்ப்பிலாவது பட்டியலில் ஒரு பிழை இருந்தது. இரண்டாவதில் எந்தச் சிப்பந்தி எதனால் ஏமாந்தார் என்று எவ்வளவு யோசித்தும் நமக்கு விளங்கவில்லை. வேலை நிறுத்தத்துக்கு முன் வாக்கெடுப்பு வேண்டுமென்ற விதி 1984இல் வந்தது. மைதானத்தில் கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொன்னால் பயந்த தொழிலாளி தன் மனசைச் சொல்ல மாட்டான், அவன் தனியே இருந்து சொல்லட்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நல்ல காரணந்தான். ஆனால் அவன் தனியே இருந்து சொன்ன பிறகு, சொன்னது இன்னதென்று தெளிவாகத் தெரிந்த பிறகு, அதே விதியைக் கொண்டு அவன் வாயை மூடினால் அது யாருக்குப் பாதுகாப்பு?

மூன்றே நாளில் அப்பீல் கோர்ட்டார் தடையை நீக்கினார்கள். அங்கும் மூவரில் இருவரே சங்கத்தின் பக்கம். மூன்றாமவரான நியூபெர்கர் பிரபு மாறுபட்டார். ஒரே ஒரு நீதிபதியின் மனம் சற்று இப்படித் திரும்பியிருந்தால் ஏழாயிரம் பேருடைய தீர்மானம் பதினோரு சீட்டுகளுக்கடியில் புதைந்து போயிருக்கும். மே 24இல் வேலை நிறுத்தம் மீண்டும் துவங்கிற்று. எல்லாம் சேர்த்து 22 நாட்கள்.

இதற்குள் சண்டை வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. வேலை நிறுத்தியவர்களுக்கு உறவினரோடு மலிவாகப் பறக்கும் சலுகையை நிர்வாகம் பிடுங்கிக்கொண்டது. பதினைந்தா பதினான்கா என்ற பேச்சு பின்னே போய், சலுகையைத் திருப்பிக் கொடு என்ற பேச்சே முன்னே வந்தது. 2011இல் தலைமை நிர்வாகியும் மாறி, சங்கத் தலைவரும் மாறிய பிறகு சமரசம் ஏற்பட்டது. சலுகை திரும்பி வந்தது. பதினைந்தாவது சிப்பந்தி திரும்பி வரவில்லை.

அந்தச் சமரசத்தையும் ஜூன் மாதத்தில் வாக்கெடுத்தே ஏற்றார்கள். பெருவாரியானவர்கள் சம்மதித்தார்கள். அதில் எத்தனை சீட்டுகள் செல்லாதவை, அதை யார் யாருக்குத் தெரிவித்தார்கள் என்று கேட்டு நிர்வாகம் கோர்ட்டுக்குப் போகவில்லை.