டிரையர் குழாயும் எண்ணெய்த் துண்டும்

"கேஸை மூடினியா?"னு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கேட்காத அம்மா நம்ம வீடுகள்ல கிடையாது. ஆனா கேஸ் டிரையர் ஓடும்போது யாரும் எதுவும் கேட்கறதில்லை. துணி காயுது, அவ்வளவுதான். உண்மையில அந்தப் பெட்டிக்குள்ளேயும் ஒரு அடுப்பு எரியுது. வீட்டு கேஸ் டிரையரின் பர்னர் பொதுவா மணிக்கு 20,000 முதல் 25,000 பிடியு வரை எரிக்கும். பல ஸ்டவ்களின் பெரிய பர்னரைவிட இது அதிகம். அந்தப் புகை வெளியே போக ஒரே வழி, பின்னால இருக்கும் 4 அங்குலக் குழாய்.

அமெரிக்காவிலயும் கனடாவிலயும் புது வீடு வாங்கும் நம்ம ஆட்கள் கவுன்ட்டர்டாப்புக்குச் செலவழிக்கும் நேரத்துல பத்தில் ஒரு பங்குகூட இந்தக் குழாய்க்குச் செலவழிப்பதில்லை. புது வீடுகள்ல லாண்டரி ரூம் பெரும்பாலும் மாடியில, குழந்தைகள் படுக்கும் அறைக்குப் பக்கத்திலேயே இருக்கு. அதனால இந்த மாசம் குழாய் புராணம்.

மின்சார டிரையரின் குழாய் கழன்றால் வீட்டுக்குள்ள ஈரமும் பஞ்சுத் தூசியும் வரும். கேஸ் டிரையரின் குழாய் கழன்றால் கூடவே கார்பன் மோனாக்சைடும் வரலாம். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல்னு சாதாரண ஃப்ளூ மாதிரியே தொடங்கும். ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைகளுக்கு வெளியே ஒரு சிஓ அலாரம் இருக்கணும். தண்ணி ஊத்தின டப்பாவுக்குள்ள குழாயை விடும் 'இன்டோர் வென்ட்' கிட்டை கேஸ் டிரையருக்கு மாட்டவே கூடாது.

எது யார் வேலை?

கேஸ் லைன் வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்க. ஒன்டாரியோவில் டிஎஸ்எஸ்ஏ-வில் பதிவு பெற்றவர்கள்தான் அதைச் செய்யணும். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் விதி வேறுபடும்; சிட்டி பெர்மிட் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம். வேலை நடக்கும்போது பக்கத்துல நின்னு நாலு விஷயம் பாருங்க. டிரையருக்குப் போகும் வளையும் கனெக்டர் புதுசா இருக்கணும். "பழசே நல்லாத்தான் இருக்கு"ன்னா ஒத்துக்காதீங்க. கேஸை மூடும் வால்வு அதே அறையில, கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணி தடவி, குமிழி வருதான்னு பார்க்கணும். உங்க வீட்டுக்கு ப்ரோபேன் வருதுன்னா அதுக்கான மாற்றுக் கிட் போட்டிருக்கணும், ஏன்னா டிரையர்கள் வழக்கமா நேச்சுரல் கேஸுக்குத்தான் செட் பண்ணி வரும்.

பிறகு எப்போதாவது அழுகின முட்டை நாத்தம் வந்தா லைட் சுவிட்சைக்கூடத் தொடாம, குழந்தைகளைக் கூட்டிட்டு வெளியே போய், அங்கிருந்து போன் பண்ணுங்க.

குழாய்க் கணக்கு

சுவருக்குள்ள போகும் குழாய், உள்பக்கம் வழவழப்பான, கெட்டியான உலோகக் குழாயா இருக்கணும். வெள்ளை பிளாஸ்டிக் குழாயும் மெல்லிய ஃபாயில் குழாயும் வேண்டாம். மடிப்புகள்ல பஞ்சு தங்கும், தீப்பிடிச்சா தாங்காது. மெஷினுக்கும் சுவருக்கும் நடுவுல மட்டும் அங்கீகாரம் பெற்ற வளையும் உலோகக் குழாய் போடலாம், அதுவும் 8 அடிக்குள்ள.

அமெரிக்காவின் பல ஊர்கள் பின்பற்றும் ஐஆர்சி விதிப்படி குழாயின் மொத்த நீளம் 35 அடி. 90 டிகிரி திருப்பம் ஒவ்வொன்றுக்கும் 5 அடி கழிக்கணும், 45 டிகிரிக்கு இரண்டரை அடி. மாடி லாண்டரியிலிருந்து வெளிச்சுவர் வரை 24 அடி, நடுவுல மூணு திருப்பம்னு வைங்க. 35-இல் 15 போனா 20 அடிதான் அனுமதி. உங்க 24 அடி அதைத் தாண்டிடுச்சு. அப்போ உங்க மாடலின் கையேட்டைப் பாருங்க, சில மாடல்களுக்கு அதிக நீளம் அனுமதிச்சிருப்பாங்க. இல்லைன்னா திருப்பத்தைக் குறைக்க வழி தேடணும்.

இணைப்புகளுக்கு ஃபாயில் டேப் ஒட்டுங்க. துணி மாதிரி இருக்கும் சாம்பல் நிற டக்ட் டேப் சூட்டில் உரிஞ்சுடும். நீள ஸ்க்ரூ போட்டா அதன் முனை உள்ளே நீட்டிக்கிட்டுப் பஞ்சைப் பிடிச்சு வைக்கும். குழாயின் கடைசி முனை வீட்டுக்கு வெளியேதான் இருக்கணும், அட்டிக்கில் இல்லை. அந்த முனையில காற்று போகும்போது திறக்கும் மூடி வேணும், வலை கூடாது. வலை போட்டா அதுவே பஞ்சு வடிகட்டி ஆயிடும்.

நம்ம வீட்டு ஆபத்து

பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும், குழாயை வருஷத்துக்கு ஒரு தடவையும் சுத்தம் பண்ணணும்னு எல்லாருக்கும் தெரியும். நம்ம வீடுகளுக்கே உரிய இன்னொரு விஷயம் எண்ணெய். தீபாவளிக்கு நல்லெண்ணெய் தேச்சுக் குளிச்ச துண்டு, குழந்தைக்கு மசாஜ் பண்ணின துணி, வடை பொரிச்ச எண்ணெயைத் துடைச்ச கிச்சன் துணி எல்லாம் ஒரே கூடையில விழும். தாவர எண்ணெய் காற்றோடு சேர்ந்து மெதுவா ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது தானாகவே சூடாகும். தோச்ச பிறகும் துணியில கொஞ்சம் எண்ணெய் தங்கும். டிரையர் சூட்டோட அதைக் குவிச்சு வெச்சா, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேற முடியாம, மெஷின் நின்ன பிறகும் தீப்பிடிக்கலாம். எண்ணெய் ஊறின துணியை உள்ளே போடாதீங்கன்னு டிரையர் கையேடுகள் எச்சரிப்பது இதனாலதான்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி "டிரையர் எதுக்கு, கொடியில போடுறேன்"னு சொன்னா, இந்தத் துணிகள் விஷயத்துல அவங்க சொல்றதே சரி. அதுக்குன்னு ஒரு தனிக் கூடையும் ஒரு மடக்கு ஸ்டாண்டும் போதும்.

இந்த வார இறுதியில டிரையரை ஓட விட்டு, வெளியே போய் அந்த மூடியைப் பாருங்க. நல்லா திறந்து சூடான காற்று வந்தா சரி. பாதிதான் திறக்குது, ஒரு லோடு காய ரெண்டு சுற்று ஆகுதுன்னா குழாய் அடைச்சிருக்கு. சுத்தம் பண்ணும் வரைக்கும் ஓட்டாதீங்க. எப்படி இருந்தாலும், எல்லாரும் தூங்கும்போதும் வீட்டைப் பூட்டிட்டு வெளியே போகும்போதும் டிரையர் ஓட வேண்டாம்.