ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்த கரு... சினை உறுதியா?

‘‘ஆய்வகத்தில் வளர்த்த கருவை மாட்டின் கருப்பையில் வைத்து, உயர்ரகக் கன்று எடுக்கலாம் என்கிறார்கள். ‘இது ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்த்து வளர்த்த கரு. அதனால், சினை உறுதி’ என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் கேட்கிறார்கள். நம்பிக் கொடுக்கலாமா?’’

- சிறு பால் பண்ணையாளர், நாமக்கல் மாவட்டம்.

‘சினை உறுதி’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆன்டிஆக்ஸிடன்ட் பயனுள்ள பொருள்தான். ஆனால், அது உதவுவது ஆய்வகத்தில் இருக்கும் கருவுக்கு. அந்தக் கரு மாட்டின் வயிற்றில் தங்குமா என்பது வேறு விஷயம்.

நல்ல கறவைத்திறன் உள்ள பசுவின் சினைப்பையிலிருந்து, ஸ்கேன் உதவியோடு ஊசி மூலம் முட்டைகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். அவற்றை ஏறத்தாழ 24 மணி நேரம் முதிர வைத்து, விந்தணுவோடு சேர்க்கிறார்கள். உருவாகும் கருவை ஊட்டக் கரைசலில் 7 நாள்கள் வளர்க்கிறார்கள். உடலுக்கு வெளியே கருவுறச் செய்த முதல் கன்று 1981-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தது. நம் நாட்டில், ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ம் ஆண்டு எருமைக்கன்று பிறந்தது. இவ்வளவு காலம் கழிந்தும், 100 முட்டைகளில் 7-ம் நாள் கருவாகத் தேறுவது சுமார் 30 முதல் 40 வரைதான்.

இந்த இழப்புக்கு ஒரு காரணம், ஆக்ஸிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் அது 21 சதவிகிதம். பசுவின் கருக்குழாய்க்குள் 10 சதவிகிதத்துக்கும் குறைவு. அதோடு, வெளிச்சமும் ஆய்வகக் கருவின் மீது படுகிறது. இதனால், கருவுக்குள் தீங்கு செய்யும் ஆக்ஸிஜன் பொருள்கள் அதிகமாகின்றன. திறந்து வைத்த கடலை எண்ணெய் சில நாள்களில் சிக்கு வாடை அடிக்கிறதல்லவா? எண்ணெயில் உள்ள கொழுப்பை ஆக்ஸிஜன் கெடுப்பதால் வருவது அது. மாட்டின் கருவில் கொழுப்பு அதிகம் என்பதால், இந்தப் பாதிப்பும் எளிதில் வருகிறது.

இதைத் தடுப்பவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட். வைட்டமின் சி, வைட்டமின் இ, மெலடோனின் போன்றவை இதில் அடக்கம். சிஸ்டியமைன் என்ற பொருளை முட்டை முதிரும் கரைசலில் சேர்த்தால், முட்டையே தனக்கான பாதுகாப்புப் பொருளான குளூட்டாதியோனைக் கூடுதலாகத் தயாரித்துக் கொள்கிறது. இன்குபேட்டரில் ஆக்ஸிஜனை 5 சதவிகிதமாகக் குறைத்து வைப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான்.

அளவு மிஞ்சினால் இதுவும் கெடுதல்தான். விந்தணு முட்டைக்குள் நுழையத் தயாராவதற்கு அந்த ஆக்ஸிஜன் பொருள்கள் சிறிதளவு தேவை. எந்தக் கட்டத்தில், எவ்வளவு சேர்ப்பது என்பது ஆய்வக வல்லுநரின் வேலை. அது கூடுதல் விலைக்கான காரணம் அல்ல.

நல்ல கருவை வைத்தாலும், பாதிக்கும் குறைவான மாடுகளில்தான் பொதுவாகச் சினை நிற்கிறது. பண்ணையாளர் கவனிக்க வேண்டியவை இவை. கரு 7 நாள் வயதுடையது. எனவே, அதை ஏற்கும் மாடு சுமார் 7 நாள்களுக்கு முன்பு பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். கருப்பை நோயின்றி இருக்க வேண்டும். பலமுறை சினை ஊசி போட்டும் நிற்காத மாட்டை இதற்குத் தேர்வு செய்யக் கூடாது. முதலில் அந்த மாட்டின் குறையைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்ய வேண்டும். கடும் வெயில் மாதங்களில் கரு வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

மாட்டுக்குத் தேவையான ஆன்டிஆக்ஸிடன்ட் தீவனத்திலேயே கிடைக்கிறது. காய்ந்த வைக்கோலில் வைட்டமின் இ மிகக் குறைவு. பசுந்தீவனத்தில் நிறைய உண்டு. தினமும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்தால் மற்ற சத்துகளும் கிடைக்கும். செலினியம், வைட்டமின் இ ஊசிகளை மருத்துவர் சொல்லாமல் போடக் கூடாது. செலினியம் சற்று மிஞ்சினாலும் நஞ்சு.

பணம் கொடுக்கும் முன், ‘கருவுக்குக் காசா, நின்ற சினைக்குக் காசா?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கரு வைத்து ஒரு மாதம் கழித்து ஸ்கேன் மூலம் சினையை அறியலாம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 5,000 ரூபாய் மானியம்கூட, உறுதியான ஒவ்வொரு சினைக்கும்தான். தற்போதைய மானிய விவரத்தை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.