சனிக்கிழமைச் சொதி

மேற்கு மாம்பலத்தில் கல்யாணமாகாத பையன்களுக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. எங்கள் வீட்டுக்கார மாமி முதலில் கேட்டது, ‘‘அசைவம் சமைப்பேளா?’’ சமையலே கிடையாது என்றோம். அன்றைக்கு அது சத்தியம்.

இப்போது சனிக்கிழமை தவறாமல் ராத்திரிச் சமையல். ஆறு பேர். தலைக்கு நூற்றைம்பது ரூபாய் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட வேண்டும். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. ‘தஞ்சாவூர், வெங்காயம் உரி’ என்றால் வேலை நடக்கும்.

கோயமுத்தூர் செய்வது அரிசி பருப்பு சாதம். அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் ஒரே குக்கரில். மேலே நெய். ‘‘சாம்பார் சாதத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி. புளி வாங்க மறந்துட்டான்’’ என்று தஞ்சாவூர் கிண்டலடிப்பான். அடித்துவிட்டு மூன்று தரம் போட்டுக்கொள்வான்.

தஞ்சாவூர் சமைத்தால் அவன் அம்மா போனில் ஸ்பீக்கரில் இருப்பார்.

‘‘புளி எவ்வளவும்மா?’’

‘‘எலுமிச்சம்பழ அளவுடா.’’

‘‘பெரிய எலுமிச்சையா, சின்னதா?’’

‘‘புளிக்கு ஏத்த மாதிரி.’’

‘‘எத்தனை நிமிஷம் கொதிக்கணும்?’’

‘‘எண்ணெய் பிரியற வரைக்கும்.’’

கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவனுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம்.

திருநெல்வேலிதான் எங்களில் நிஜமான சமையல்காரன். ஆனால் 2024 மார்ச்சில் அவன் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. அந்தச் சனிக்கிழமை அவன் வரவில்லை. ‘ஊருக்குப் போறேன்’ என்றான். அடுத்த வாரம் ‘வயிறு சரியில்லை’. இரண்டு நாளும் திருவல்லிக்கேணி மேன்ஷனில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது. நூற்றைம்பது ரூபாய்தான். வேலையில்லாதவனுக்கு அது கணக்கு.

மூன்றாவது வாரம் கோயமுத்தூர் பைக்கில் போய் அவனை அள்ளிக்கொண்டு வந்தான். வாசலிலேயே அறிவித்தான்: ‘‘சமைக்கறவன் பங்கு தரவேண்டாம்னு போன வாரமே சட்டம் போட்டாச்சு. உனக்குத்தான் தெரியாது.’’

அப்படி ஒரு சட்டத்தை நாங்களும் அப்போதுதான் கேள்விப்பட்டோம். இருந்தாலும் ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டினோம். திருநெல்வேலி எங்கள் மூஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு, ‘‘தேங்காய் இருக்காலே?’’ என்றான்.

அன்றைக்குத்தான் சொதி. அவர்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் போடுவது. தேங்காயில் மூன்று தரம் பால் எடுக்க வேண்டும். பின்னால் எடுத்த தண்ணிப் பால்களில் காய்கள் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பைக் கரைத்துவிட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கூடியதும் இறக்க வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழத்தை அடுப்பில் இருக்கும்போது பிழியக் கூடாது. தேங்காய்ப்பால் மந்தம் என்பதால் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல்.

நாலு மாசம் அவன்தான் சமைத்தான். ‘வேலை என்னாச்சு?’ என்று யாரும் கேட்கவில்லை. ‘உப்பு கம்மி’ என்று மட்டும் தாராளமாகச் சொன்னோம்.

ஆகஸ்டில் வேலை கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை அவன் நேராக ஃப்ரிட்ஜ் பக்கம் போய், நூற்றைம்பது ரூபாயை வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தான். ‘‘இன்னைக்கு நான் பங்கு கொடுத்தாச்சு. எவன் சமைக்கப் போறான்?’’

இதற்காகவே காத்திருந்த தஞ்சாவூர் தன் பணத்தைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வத்தக்குழம்பு வைத்தான். கசந்தது. சுண்டைக்காயை எவ்வளவு நேரம் வறுக்கணும் என்று அம்மாவைக் கேட்டானாம். ‘போதும்கற வரைக்கும்’ என்றாராம்.