மைதானத்துச் சாவி

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடத்தை முடிக்காமல் விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் மாதம் வந்தால் குடும்பக் குழு, பழைய மாணவர் குழு என்று எல்லா வாட்ஸ்அப் குழுக்களும் மஞ்சளாகிவிடுகின்றன. ‘நம்ம டீம்’ என்று நீங்கள் கொண்டாடுவதில் எனக்கும் சந்தோஷம்தான். சென்னை சூப்பர் கிங்ஸ் 2008-இல் ஆடத் தொடங்கியது. அதற்குச் சரியாக 120 ஆண்டுகளுக்கு முன்பு, 1888-இல், இதே ஊரில் ஒரு கிளப் தொடங்கியது. பெயர் மெட்ராஸ் யுனைடெட் கிளப். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. அதனால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கட்சியைப் பிறகு வைக்கிறேன்.

அந்தக் காலத்தில் கிரிக்கெட் என்றால் சேப்பாக்கம். சேப்பாக்கம் என்றால் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். 1846-இல் ஆங்கிலேயர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட கிளப் அது. இந்தியர்களுக்கு அதில் இடம் கிடையாது. ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டாலும் வெள்ளைக்காரர்களுக்குப் பெவிலியனில் சாப்பாடு, நம்மவர்களுக்கு மரத்தடி என்று இருந்ததாகச் சொல்வார்கள். மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடுவுக்கு இது பொறுக்கவில்லை. வசதியான துபாஷி குடும்பம் அவருடையது. வேண்டுமானால் வீட்டிலேயே நாலு நண்பர்களோடு ஆடிவிட்டுப் போயிருக்கலாம். அவர் எஸ்பிளனேடில் ஒரு மைதானத்துக்கு ஏற்பாடு செய்து, இந்தியர்களுக்கென்று ஒரு கிளப்பை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 20.

மட்டையும் பந்தும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டிய காலம். சாதாரணக் குடும்பத்துப் பையன் அதையெல்லாம் எங்கே வாங்குவது? ஆடத் தெரிந்த பையன்களுக்குத் தன் செலவிலேயே சாமான் வாங்கிக் கொடுத்தார் புச்சி பாபு. அவர் வளர்த்த ஆட்டக்காரர்கள் சில ஆண்டுகளிலேயே ஆங்கிலேயர்களுக்குச் சமமாக நின்று ஆடும் நிலைக்கு வந்தார்கள். இந்தியர் அணிக்கும் ஐரோப்பியர் அணிக்கும் ஒரு போட்டிக்கு ஏற்பாடு செய்தார். அது நடப்பதற்குள், 1908-இல், 40 வயதில் காலமாகிவிட்டார். ஆனாலும் போட்டி நடந்தது. பின்னாளில் அதுவே ஆண்டுதோறும் ‘பொங்கல் மேட்ச்’ ஆகி, சுதந்திரத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் நடந்தது.

அவருடைய பிள்ளைகளும் அப்பாவைப் போலத்தான். 1909-இல் அவர் பெயரில் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். நடுவில் சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த புச்சி பாபு கோப்பையை 2023-இல் மறுபடி நடத்த ஆரம்பித்தார்கள். அவர் மகன் கோட்டா ராமசாமி 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடினார். 1936-இல், 40 வயதில், மான்செஸ்டரில் முதன்முதலாக டெஸ்ட் ஆட இறங்கி, இரண்டு இன்னிங்ஸில் 40, 60 என்று ரன் எடுத்தார். ஒரே ஆள், இரண்டு ஆட்டம், இரண்டிலும் இந்தியா!

மெட்ராஸ் யுனைடெட் கிளப்புக்குப் பிறகு பேட்டைக்குப் பேட்டை கிளப்புகள் வளர்ந்தன. மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப்புக்கும் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்புக்கும் இருந்த போட்டியைப் பெரியவர்கள் மாமியார் மருமகள் சண்டை மாதிரி ரசித்துச் சொல்வார்கள். திருவல்லிக்கேணி கிளப்பில் ஆடியவர் எம்.ஜே. கோபாலன். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் அவர்தான். எதிரணி மைசூர். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்து, மெட்ராஸ் ஜெயித்தது. கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். அவரிடமிருந்த திறமையைப் பார்த்துக் கைதூக்கிவிட்ட ஜான்ஸ்டன் ஓர் ஆங்கிலேயர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பிறகு கம்பெனிகள் வந்தன. லீக் அணிகளை நிறுவனங்கள் எடுத்து நடத்த ஆரம்பித்தன. ஜாலி ரோவர்ஸ் அணியை சன்மார் குழுமம் பல பத்தாண்டுகளாகத் தாங்கிவருகிறது. கம்பெனிகள் வந்ததால் ஆட்டம் கெட்டது என்று சிலர் புலம்புவார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டேன். ஆடுகிறவனுக்கு ஒரு வேலையும் மாதச் சம்பளமும் கிடைத்ததே, அது சின்ன விஷயமா?

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். கம்பெனி அணிக்குப் போவது ஏணியின் மேல்படி. அடிப்படி எங்கே இருக்கிறது? எட்டு, பத்து வயசுப் பையன் முதன்முதலில் மட்டையைப் பிடிப்பது எங்கே? எங்கள் தலைமுறைக்குத் தெரு இருந்தது. அஸ்வின் தலைமுறை வரைக்கும்கூட இருந்தது. மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அவர், விரலால் சொடுக்கி வீசும் ‘சொடக்கு பந்தை’ டெஸ்ட் மைதானம் வரை கொண்டுபோனார். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்து 2024-இல் ஓய்வு பெற்றார். இன்று அதே மாதிரித் தெருக்களில் இரண்டு பக்கமும் கார் நிற்கிறது. பந்து கண்ணாடியில் பட்டால் வீட்டு வாசலில் பஞ்சாயத்து.

மைதானங்களைக் கேட்கிறீர்களா? தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். பத்து ஆட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக நடக்கும். நம்ம ஆட்டத்து ஃபீல்டர் பக்கத்து ஆட்டத்துக்கு ஸ்லிப்பில் நிற்பார்! மற்றபடி மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப், மாதக் கட்டணம் வாங்கும் அகாடமி. நடத்துகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் செலவு இருக்கிறது. ஆனால் மந்தைவெளியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகனும், அடையாறில் வீட்டு வேலை செய்கிற அம்மாவின் மகளும் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியுமா? 1888-இல் தோல் நிறத்தைப் பார்த்து வாசலை மூடினார்கள். இன்று பர்ஸைப் பார்த்து மூடுகிறோம்.

இத்தனைக்கும் இடம் இல்லாமல் இல்லை. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றிலும் பள்ளிக்கூட மைதானங்கள் இருக்கின்றன. சாயங்காலம் பள்ளி விட்டதும் கேட்டைப் பூட்டுகிறோம். சனி, ஞாயிறு, கோடை விடுமுறை முழுக்கப் பூட்டுதான். காக்காய்தான் விளையாடுகிறது.

பூட்டுகிறவர்களின் பயமும் எனக்குத் தெரியும். ஒரு பையன் கீழே விழுந்து கை உடைந்தால் யார் பொறுப்பு? குழாயை உடைத்தால், இருட்டிய பிறகு வேண்டாத ஆட்கள் உள்ளே வந்து உட்கார்ந்தால் யார் பதில் சொல்வது? எல்லாம் நியாயமான கேள்விகள். தலைமையாசிரியர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு ‘திறந்து விடுங்கள்’ என்று நாம் கேட்கக் கூடாது.

அதற்குத்தான் கிளப் வேண்டும் என்கிறேன். கிளப் என்றால் பெயர்ப் பலகையும் பனியனும் மட்டும் போதாது. பொறுப்பேற்கிற நாலு பெரியவர்கள், ஒரு கணக்கு நோட்டு, ஆடுகிற பிள்ளைகளின் பட்டியல், முதலுதவிப் பெட்டி, சாவியை வாங்கித் திருப்பித் தருகிற ஓர் ஆள். இவ்வளவும் இருந்தால் பள்ளிக்கு ஒரு கடிதத்தில் உத்தரவாதம் கொடுக்கலாம். ஜெர்மனியில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே ஊர்ப் பள்ளிகளின் உடற்பயிற்சிக் கூடங்கள் சாயங்காலமானால் உள்ளூர் கிளப்புகளின் கைக்கு வந்துவிடும். கைப்பந்து, ஹேண்ட்பால் எல்லாம் அங்கேதான் வளர்கின்றன. பகலில் பள்ளிக்கு, மாலையில் ஊருக்கு. ஒரே கட்டடம் இரண்டு வேலை பார்க்கிறது.

உங்களில் பலர் இன்று பழைய மாணவர் சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறீர்கள். வருஷா வருஷம் ஓட்டலில் கூடிச் சாப்பிட்டு, போட்டோ எடுத்துப் போடுகிறீர்கள். அதில் ஒரு வருஷச் செலவை எடுத்துவையுங்கள். மாலை 4-இலிருந்து 7 வரை ஒரு காவலாளிக்குச் சம்பளம், இரண்டு செட் மட்டை, ஸ்டம்ப், கொஞ்சம் பந்து. கிரிக்கெட் பிடிக்காவிட்டால் கபடிக்கு அதுவும் வேண்டாம். பையன்களுக்கு எத்தனை நாளோ, பெண் பிள்ளைகளுக்கும் அத்தனை நாள். புச்சி பாபு ஒரு தனி மனிதராகச் செய்ததை இத்தனை பேர் சேர்ந்து செய்ய முடியாதா?

இந்தப் பதிவுக்கு லைக் போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். நீங்கள் படித்த பள்ளியின் மைதானம் சனிக்கிழமை சாயங்காலம் திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். பூட்டியிருந்தால் நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட நாலு பேர் மட்டும் வாருங்கள்.